பெட்டா மீன் நீண்ட நாள் நலமாக வாழ: முழுமையான வழிகாட்டி

நன்கு பராமரிக்கப்படும் பெட்டா மீன் மூன்று முதல் நான்கு ஆண்டுகள் வரை வாழும். ஐந்தாண்டுகளைக் கடந்தவையும் உண்டு. அப்படியிருந்தும் பல பெட்டாக்கள் வாங்கி வந்த சில மாதங்களிலேயே இறந்துவிடுகின்றன. இதற்கு முதன்மையான காரணம், பிற மீன்கள் தாங்காத சூழலையும் இந்த மீன் சில காலம் தாங்கிக்கொள்வதுதான். செவுள்களுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த லேபிரிந்த் என்னும் உறுப்பின் உதவியால், பெட்டா நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாகவே உள்ளிழுத்துக்கொள்ளும். ஆகவே ஆக்சிஜன் குறைந்த சிறு குவளை நீரிலும் அது உடனே இறப்பதில்லை; இதைப் பார்த்துத்தான் அதற்குச் சின்னக் கண்ணாடிக் கிண்ணமே போதும் என்ற நம்பிக்கை பரவியது. ஆனால் லேபிரிந்த் உறுப்பு ஆக்சிஜன் குறைவை மட்டுமே ஈடுகட்டும். மீனின் சொந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா செவுள்களை அரிப்பதையோ, நீரின் வெப்பநிலை பகலுக்கும் இரவுக்கும் இடையே ஏறி இறங்குவதையோ அதனால் தடுக்க முடியாது.

தாய்லாந்து 2019ஆம் ஆண்டில் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த இந்த மீனின் பூர்விகம், அந்நாட்டின் சதுப்புகளும் நெல்வயல்களும் மெதுவாக ஓடும் வாய்க்கால்களும் ஆகும். அவை ஆழமற்றவைதாம், ஆனால் வெதுவெதுப்பான, செடிகள் அடர்ந்த, பரந்து கிடக்கும் நீர்நிலைகள். ஆழம் குறைவு என்பதையும் நீரின் அளவு குறைவு என்பதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. நிலையான வெப்பமும் அசைவு குறைந்த தூய நீரும் மறைந்துகொள்ள இடமும் கிடைத்துவிட்டால், பெட்டாவின் ஆயுளைக் குறைக்கும் காரணங்களில் பெரும்பாலானவை நீங்கிவிடும். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த நோக்கத்தையே சார்ந்தவை.

முதல் படி: மீனுக்கு முன்பாகத் தொட்டி

மீனையும் தொட்டியையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். தொட்டி முதலில் வர வேண்டும். மீன் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். ஏன் இவ்வளவு நாள் என்பது அடுத்த படியில் விளங்கும்.

ஒரு பெட்டாவுக்குக் குறைந்தது 20 லிட்டர் தண்ணீர் தேவை. 45 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 28 லிட்டர் பிடிக்கும். புதிதாக வளர்க்கத் தொடங்குவோருக்கு இதுவே மிகப் பொருத்தமான அளவு என்பது என் கருத்து. பெரிய தொட்டியைப் பராமரிப்பது கடினம் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. உண்ணாமல் விட்ட ஒரே அளவு தீவனம் அழுகும்போது, 2 லிட்டர் நீரில் உண்டாகும் நச்சின் செறிவு 20 லிட்டர் நீரில் உண்டாவதைப் போலப் பத்து மடங்கு இருக்கும். நீர் கூடக்கூட, நம் கவனக்குறைவைத் திருத்திக்கொள்ள நமக்குக் கிடைக்கும் நேரமும் கூடும். உயரமான, குறுகிய தொட்டியைத் தவிர்த்து நீளமானதைத் தேர்ந்தெடுங்கள். மூச்சுக்காக அடிக்கடி மேலே வர வேண்டிய மீனுக்கு, அதிலும் நீண்ட துடுப்புகளைச் சுமக்கும் மீனுக்கு, ஆழம் ஒரு சுமையே.

தொட்டிக்கு மூடி கட்டாயம். பெட்டா நன்றாகத் துள்ளும். சிறு இடைவெளி வழியாகவும் வெளியே விழுந்துவிடும். மூடிக்கு இன்னொரு பயனும் உண்டு. மீன் உள்ளிழுக்கும் காற்று நீரைப் போலவே வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும் என்பதால், நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே 3 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிரப்புங்கள்.

ஃபில்டர்களில், ஏர் பம்ப்பால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே பெட்டாவுக்கு ஏற்றது. அது நீரை வேகமாகத் தள்ளுவதில்லை. மீனின் துடுப்பை உறிஞ்சி இழுப்பதும் இல்லை. ஏர் பம்ப்பை நீர்மட்டத்தை விட உயரமான இடத்தில் வையுங்கள் அல்லது குழாயில் ஒருவழி வால்வு பொருத்துங்கள். இல்லையேல் மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்ப்பைக் கெடுத்துவிடும். மீன் எப்போதும் ஒரு மூலையிலேயே ஒதுங்கி நிற்கிறது என்றால், நீரோட்டம் அதற்கு அதிகமாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

நீரின் வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் நிலையாக இருப்பது நல்லது. அறையின் இயல்பான வெப்பமே ஆண்டு முழுதும் தொட்டியை இந்த வரம்புக்குள் வைத்திருக்குமானால் ஹீட்டர் வேண்டியதில்லை; இரவில் நீர் குளிர்கிறது என்றால், 20 லிட்டருக்கு 25 வாட் திறன் கொண்ட, வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் ஹீட்டர் தேவை. ஹீட்டரில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல் தனியே ஒரு வெப்பமானி வையுங்கள். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தையே சார்ந்தது. 24 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது செரிமானமும் நோய் எதிர்ப்பும் மந்தமாகின்றன. 30 டிகிரியைத் தாண்டி நெடுநாள் நீடித்தால் உடலின் இயக்கம் விரைவடைந்து மீன் சீக்கிரம் முதுமையடைகிறது.

அலங்காரப் பொருள்களைப் பற்றி ஒரே ஒரு சோதனை போதும்: மெல்லிய நைலான் துணி ஒன்றை அந்தப் பொருளின்மீது உரசுங்கள், துணி எங்காவது சிக்கினால் மீனின் துடுப்பும் அங்கே கிழியும். செடிகளில் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் ஆகியவை குறைந்த ஒளியிலும் வளரும். அவற்றின் கிடைமட்டத் தண்டை மணலில் புதைக்காமல் கல்லிலோ கட்டையிலோ கட்டிவிடுங்கள், புதைத்தால் அழுகிவிடும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அகலமான இலை ஒன்று இருந்தால் பெட்டா அதன்மீது சாய்ந்து ஓய்வெடுக்கும். மிதக்கும் செடிகள் நல்லவை. ஆனால் மேற்பரப்பில் பாதிக்கு மேல் அவை மூடிவிடக் கூடாது.

இரண்டாம் படி: தொட்டியைப் பக்குவப்படுத்துதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற உங்களுக்கு நேரம் இருக்குமானால், அது இதுவாக இருக்கட்டும்.

மீன் செவுள்கள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும் மிச்சத் தீவனமும் அழுகி மேலும் அம்மோனியாவை உண்டாக்குகின்றன. இயற்கையான நீர்நிலையில் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மிகச் சிறிய அளவிலேயே நச்சு. நைட்ரேட்டின் தீங்கு அவற்றைவிட மிகக் குறைவு, செடிகளும் வாராந்தர நீர் மாற்றமும் அதை அகற்றிவிடும். புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவில் இல்லை. அவை ஸ்பாஞ்சிலும் மணலிலும் கண்ணாடியிலும் படிந்து பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்பே மீனை விட்டால், கண்ணாடி போலத் தெளிந்த நீரிலேயே அது நச்சுக்கு உள்ளாகும். நீர் தெளிவாக இருப்பதைக் கொண்டு நீர் நல்லது என்று முடிவு செய்ய இயலாது.

செய்முறை இதுதான். தொட்டியில் குளோரின் நீக்கிய நீரை நிரப்பி, ஃபில்டரையும் ஹீட்டரையும் இடைவிடாமல் ஓட விடுங்கள். பாக்டீரியாவுக்கு உணவாக, மீன் தொட்டிக்கென்றே விற்கப்படும் அம்மோனியம் குளோரைடு கரைசலை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவு வரும் வரை சேருங்கள். அது கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுகவிடலாம். திரவ டெஸ்ட் கிட் ஒன்றால் இரண்டு நாளுக்கு ஒரு முறை அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளந்து குறித்துவையுங்கள். முதலில் அம்மோனியா நின்றுகொண்டிருக்கும். பிறகு அது குறையத் தொடங்கி நைட்ரைட் ஏறும். இறுதியில் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தோன்றும். 2 பி.பி.எம். அம்மோனியாவைச் சேர்த்த 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே சுழியத்தைத் தொட்டால், தொட்டி தயார். அப்போது பாதிக்கு மேற்பட்ட நீரை மாற்றி, தேங்கிய நைட்ரேட்டைக் குறைத்த பிறகு மீனை விடுங்கள். நோயற்ற பழைய தொட்டி ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சைப் பெற முடிந்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும்.

மீன் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது, தொட்டியோ புதியது என்றால் கலங்க வேண்டாம். தினமும் நீரைச் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.25 பி.பி.எம்.மைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நீரை மாற்றுங்கள், தீவனத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த உழைப்பு சில வாரங்களுக்கு மட்டுமே.

குழாய் நீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீரை ஓரிரவு திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால் பல ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் சேர்க்கிறார்கள், அது அவ்வாறு வெளியேறாது. எனவே ஒவ்வொரு முறையும் குளோரின் நீக்கும் மருந்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. வடிகட்டிய ஆர்.ஓ. நீர் தூயது என்பதற்காக அதை மட்டுமே நிரப்புவதும் தவறு. அதில் தாதுக்கள் ஏறத்தாழ இல்லாததால் நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) நிலையற்றுப் போய்த் திடீரென்று சரியும். பி.எச். 6.5 முதல் 7.5 வரை பெட்டாவுக்கு ஏற்றது. இதிலிருந்து சற்று விலகியிருந்தாலும் அது மாறாமல் இருப்பதே முக்கியம். எண்ணைச் சரியாக்குவதற்காக அடிக்கடி ரசாயனம் சேர்ப்பது, விலகலைவிட அதிகத் தீங்கைத் தரும்.

உலர்ந்த நாட்டுப் பாதாம் (டெர்மினாலியா கட்டாப்பா) மரத்தின் இலையைத் தொட்டியில் போடும் வழக்கம் பெட்டா வளர்ப்போரிடையே பரவலாக இருக்கிறது. அதிலிருந்து கசியும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நீரைத் தேநீர் நிறமாக்கி, பி.எச்.சைச் சற்றே குறைத்து, கிருமிகளை ஓரளவு கட்டுப்படுத்துகிறது. பூச்சிமருந்து படாத, மரத்திலிருந்து தானாக உதிர்ந்து காய்ந்த இலையாக இருந்தால் 20 லிட்டருக்கு ஒன்று போதும். அது நல்ல துணை; ஆனால் நீர் மாற்றத்துக்கோ மருந்துக்கோ மாற்று அன்று.

மூன்றாம் படி: மீனைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் விற்கும் ஆண் பெட்டாக்கள், துடுப்பு முழுமையாக வளர்ந்து காட்டுவதற்காக, பெரும்பாலும் ஆறு மாதத்தைத் தாண்டியவையாகவே இருக்கும். எனவே நீண்ட நாள் உடனிருக்க வேண்டும் என்று விரும்புவோர், நம்பத்தக்க வளர்ப்பாளரிடமிருந்து வயது தெரிந்த இளம் மீனை வாங்குவது மேல்.

தோற்றத்தைப் பொறுத்தவரை ஒரு கருத்தைத் தயங்காமல் சொல்வேன்: முதன்முதலாக வளர்ப்பவர் குட்டைத் துடுப்புள்ள பிளக்காட் வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஹாஃப்மூன், ரோஸ்டெயில் போன்ற வகைகளின் அகன்ற துடுப்புகள் பார்க்க அழகானவை. ஆனால் அந்த எடையை இழுத்துக்கொண்டு நீந்துவது மீனுக்கு நாள்தோறும் களைப்பு. துடுப்பு கிழியும், சில மீன்கள் சலிப்பில் தம் துடுப்பைத் தாமே கடித்துக்கொள்ளும். தடித்த வெள்ளிச் செதில்கள் கொண்ட டிராகன் வகை மீன்களில், வயதாக ஆகச் செதில் கண்ணின்மீது படர்ந்து பார்வையை மறைத்துவிடுவது உண்டு. பளிங்கு போல நிறங்கள் கலந்த மார்பிள் வகையின் நிறம் காலப்போக்கில் மாறிக்கொண்டே இருக்கும். அதை நோய் என்று எண்ண வேண்டாம்.

குவளையின் அருகே விரலை மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள். நலமான மீன் திரும்பிப் பார்க்கும், விரலைப் பின்தொடரும் அல்லது செவுள் மூடிகளை விரித்து எதிர்க்கும். துடுப்புகளை உடலோடு ஒட்ட மடக்கிக்கொண்டு அடியில் கிடப்பதையும், வயிறு உள்வாங்கியதையும், செதில்கள் சற்றே தூக்கி நிற்பதையும், கண் புடைத்ததையும் இரக்கத்தினால் வாங்கிவிடாதீர்கள். அருகிலுள்ள குவளைகளில் இறந்த மீன்கள் கிடந்தால் அன்று வெறுங்கையோடு திரும்புவதே சரி.

நான்காம் படி: புதிய நீருக்குப் பழக்குதல்

பையை மூடியபடியே தொட்டி நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். பிறகு பையைத் திறந்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் மீனை வலையால் எடுத்து விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

மீன் நெடுந்தூரம் பயணம் செய்து, ஒரு நாளுக்கு மேல் பையிலேயே இருந்திருந்தால் இந்த முறை பொருந்தாது. மூடிய பையில் கரியமில வாயு தேங்கி நீரின் பி.எச்.சைக் குறைத்து வைத்திருப்பதால், அங்குள்ள அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். உயர்ந்து, அதே அம்மோனியா நச்சு வடிவத்துக்கு மாறிவிடும். அப்போது சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்துக்கொண்டு காலம் கடத்துவது மீனை நஞ்சில் ஊறவைப்பதாகும். வெப்பநிலையைச் சமப்படுத்தியதும் பையைத் திறந்து உடனே தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் நாள் விளக்கை அணைத்துவையுங்கள், தீவனம் வேண்டாம். மீன் ஒளிந்துகொள்வதும் உடலில் கிடைக்கோடுகள் தோன்றுவதும் அச்சத்தின் அடையாளங்கள். ஓரிரு நாளில் மறைந்துவிடும்.

ஐந்தாம் படி: உணவு

பெட்டா ஊனுண்ணி. இயற்கையில் அதன் உணவு கொசுப்புழுக்கள், நீர்ப்பூச்சிகள், நீரில் விழும் சிறு பூச்சிகள் ஆகியவையே. எனவே பெல்லட் (சிறு உருண்டைத் தீவனம்) வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: உட்பொருள் பட்டியலில் முதலில் மீனோ இறாலோ பூச்சியோ இருக்க வேண்டும், கோதுமை மாவு இருக்கக் கூடாது. புரதம் 40 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது நல்லது. திறந்த டப்பாவில் வைட்டமின்கள் சிதைந்துவிடுவதால், சிறிய டப்பாவாக வாங்கி ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஒரு பெல்லட்டை மட்டும் நீரில் போட்டுக் கவனியுங்கள். மீன் சற்றுப் பின்வாங்கி, இரு கண்களையும் முன்னோக்கிக் குவித்து, உடலை வளைத்து, ஒரே பாய்ச்சலில் கவ்வும். சில வேளைகளில் துப்பிவிட்டு மீண்டும் கவ்வும். பெல்லட் சற்றுப் பெரிதாகவோ கடினமாகவோ இருக்கிறது என்பதே இதன் பொருள். திரும்பத் திரும்பத் துப்பினால் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பெல்லட்டுக்கு மாறுங்கள் அல்லது சில நிமிடம் தொட்டி நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். முதல் பெல்லட் விழுங்கப்பட்ட பிறகே அடுத்ததைப் போடுங்கள். இப்படி ஒன்றொன்றாகக் கொடுத்தால் மிச்சமே விழாது. மீனின் பசியில் ஏற்படும் மாற்றமும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

காலையும் மாலையும் மூன்று நான்கு சிறு பெல்லட்டுகள் போதும். பெட்டா எப்போதும் பசித்ததுபோலவே கண்ணாடி அருகே வந்து நிற்கும். அதை நம்பி அள்ளிப் போடுவதால் வரும் வயிற்று உப்பசம் மிகப் பரவலான தொல்லை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது. வாரத்துக்கு இரண்டு முறை பெல்லட்டுக்குப் பதிலாக உறைநிலை டாஃப்னியாவோ ஆர்டீமியாவோ (இரண்டும் மிகச் சிறிய ஓட்டுடலிகள்) கொடுங்கள். பிளட் வார்ம் என்னும் செந்நிறப் பூச்சிப்புழு எப்போதாவது தரும் விருந்தாக மட்டும் இருக்கட்டும். சாக்கடை நீரில் பிடிக்கப்படும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுக்கள் நோயைக் கொண்டுவரும், தவிர்த்துவிடுங்கள்.

மலச்சிக்கலுக்கு வேகவைத்த பட்டாணி தரும்படி பலர் சொல்வார்கள். அது ஊனுண்ணியின் குடலுக்கு ஏற்றதன்று. ஓரிரு நாள் பட்டினி போட்டு, பிறகு டாஃப்னியா கொடுத்தால், அதன் செரிக்காத மேலோடே குடலைச் சீராக்கிவிடும்.

நீங்கள் வெளியூர் செல்ல நேர்ந்தால், நலமான வளர்ந்த மீன் ஒரு வாரம் உண்ணாமல் இருக்கும். தானே கரையும் தீவனக் கட்டிகள் நீரைக் கெடுப்பவை. பழக்கமில்லாத ஒருவரிடம் தீவன டப்பாவை ஒப்படைப்பதைவிடப் பட்டினியே பாதுகாப்பானது.

ஆறாம் படி: வாராந்தரப் பராமரிப்பு

வாரம் ஒரு முறை 25 முதல் 30 விழுக்காடு நீரை, சைஃபன் குழாயால் மணலில் தேங்கிய கழிவோடு சேர்த்து உறிஞ்சி எடுத்து, குளோரின் நீக்கிய புதிய நீரை நிரப்புங்கள். இரண்டு நீரின் வெப்பநிலையிலும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீனை வெளியே எடுத்துவைத்து, தொட்டியை முழுதும் காலி செய்து, சோப்பால் தேய்த்துக் கழுவுவது பழைய வழக்கம். இது ஒரு மாதம் வளர்த்த பாக்டீரியாவை ஒரே நாளில் அழித்து, தொட்டியை மீண்டும் முதல் நாளுக்குக் கொண்டுபோய்விடும். ஸ்பாஞ்சை மாதம் ஒரு முறை, வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே பிழிந்து கழுவுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும்.

ஆவியான நீரை ஈடுகட்ட ஊற்றுவதை நீர் மாற்றம் என்று கருதக் கூடாது. நீர் மட்டுமே ஆவியாகிறது; நைட்ரேட்டும் உப்பும் தொட்டியிலேயே தங்கிச் செறிவடைகின்றன. நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்குக் கீழே இருக்கிறதா என்பதை அவ்வப்போது அளந்து பாருங்கள்.

விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். இரவில் மீனுக்கு முழு இருள் தேவை. பலரும் மறந்துவிடும் இன்னொன்று: இந்த மீன் அறையின் காற்றையே உள்ளிழுக்கிறது. கொசு மருந்து, வாசனைத் தெளிப்பான், பெயின்ட் வாடை ஆகியவற்றைத் தொட்டி இருக்கும் அறையில் தவிருங்கள்.

ஏழாம் படி: மீனைக் கவனித்து நோயை அறிதல்

நாள்தோறும் தீவனம் கொடுக்கும்போது இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். நலமாக இருக்கும்போது உங்கள் மீன் எப்படி நீந்துகிறது, எத்தனை முறை மேலே வருகிறது, எந்த இடத்தில் உறங்குகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான், நலம் குன்றும்போது ஏற்படும் மாற்றம் கண்ணில் படும். எந்த மாற்றத்தைக் கண்டாலும் முதல் வேலை நீரைச் சோதிப்பது. மருந்து அதற்குப் பிறகுதான்.

துடுப்பில் குறை தெரிந்தால் அதன் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். ஒரே நேர்கோட்டில் பிளந்து, நிறம் மாறாமல் இருந்தால், எங்கோ சிக்கிக் கிழிந்திருக்கிறது. ஒரே இரவில் அரைவட்டமாகத் துண்டு காணாமல் போயிருந்தால், மீன் தானே கடித்திருக்கிறது. ஓரம் கருத்தோ சிவந்தோ வெளுத்தோ, நாளுக்கு நாள் உட்பக்கமாகத் தேய்ந்துகொண்டு வந்தால், அது துடுப்பழுகல். மூன்றிலும் தொடக்கச் சிகிச்சை ஒன்றே: நாள்தோறும் சிறிதளவு தூய நீர் மாற்றம். துடுப்பின் ஓரத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு தோன்றினால் அது புதிதாக வளர்கிறது. அழுகல் உடலை நெருங்கினால் மட்டுமே பாக்டீரியா மருந்து தேவைப்படும்.

உப்புத் தூவியதுபோன்ற வெண்புள்ளிகள் இக் என்னும் ஒட்டுண்ணியால் வருபவை. மீனின்மீது இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து நீரில் நீந்தும் நிலையில்தான் அது சாகும். ஆகவே புள்ளிகள் மறைந்த பிறகும் சில நாள் சிகிச்சையைத் தொடர வேண்டும். வெப்பநிலையை மெதுவாக 30 டிகிரி வரை உயர்த்தினால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி விரைந்து, சிகிச்சையும் விரைவில் முடியும். புள்ளிகளுக்குப் பதிலாகப் பொன்துகள் பூசியதுபோல மினுங்கினால் அது வெல்வெட் நோய்; இருட்டில் டார்ச் ஒளியைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். அதற்குத் தாமிரம் கலந்த மருந்து பயன்படும். ஆனால் தாமிரம் நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும்.

முதுகின் குறுக்கே சேணம் போட்டதுபோன்ற சாம்பல் வெண்மைத் திட்டும், வாயைச் சுற்றிப் பஞ்சு போன்ற படலமும் கண்டால் பூஞ்சை என்று எண்ணிவிடாதீர்கள். இது கொலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கக்கூடும். இக்கைப் போல இதற்கும் வெப்பத்தை ஏற்றினால் நோய் இன்னும் வேகமாகப் பரவும். ஆகவே வெப்பநிலையை 24 டிகிரி அளவுக்கு மெல்லக் குறைத்து, ஓரிரு நாளுக்குள் தகுந்த மருந்தைத் தொடங்க வேண்டும்.

உடல் வீங்கி, மேலிருந்து பார்க்கையில் செதில்கள் சிலிர்த்து நின்றால் அது டிராப்ஸி. அது தனி நோயன்று. பெரும்பாலும் சிறுநீரகம் செயலிழந்ததன் அறிகுறி. மீள்வது அரிது என்பதைச் சொல்லாமல் மறைப்பது சரியன்று.

சிகிச்சைக்காக 5 முதல் 10 லிட்டர் கொள்ளும் தனித் தொட்டி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்; மணல் வேண்டாம், ஹீட்டரும் நாள்தோறும் நீர் மாற்றமும் போதும். மீன் தொட்டிக்கான உப்பை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் முதலில் தனியே கரைத்து, பிறகு சேருங்கள். பத்து நாளுக்கு மேல் நீட்டிக்க வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு மருந்துகளைக் கலக்காதீர்கள். கையில் வெட்டோ புண்ணோ இருந்தால் கையுறை அணிந்தே தொட்டியில் கை வையுங்கள். மீன்களைத் தாக்கும் சிலவகை மைக்கோபாக்டீரியாக்கள் மனிதரின் தோலிலும் தொற்றக்கூடியவை.

துணையும் தனிமையும்

ஆண் பெட்டாவை இன்னொரு ஆணோடு ஒருபோதும் விடக் கூடாது. இனப்பெருக்கத்துக்காக அன்றிப் பெண்ணோடும் விடக் கூடாது. பெண்களைக் கூட்டமாக வளர்ப்பது அனுபவசாலிகளுக்கே உரியது. தனியாக இருப்பதில் இந்த மீனுக்கு வருத்தம் ஏதும் இல்லை. துணை வேண்டுமென்றால் 40 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியில் கோரிடோராஸ், எம்பர் டெட்ரா போன்ற அமைதியான சிறு மீன்களைக் கூட்டமாக விடலாம். துடுப்பைக் கொறிக்கும் டைகர் பார்ப் வேண்டாம், துடுப்பு விரிந்த கப்பியும் வேண்டாம். கண்ணாடியைக் காட்டி இரண்டு மூன்று நிமிடம் சிலிர்க்க வைப்பது நல்ல உடற்பயிற்சி. அதற்கு மேல் போனால் அலைச்சலே மிஞ்சும். நீர்மட்டத்தில் கட்டும் நுரைக்கூடு ஆண் மீனின் இனப்பெருக்க உந்துதலைக் காட்டுகிறது. நீர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

இறுதிப் படி: முதுமை

இரண்டரை, மூன்று வயதைத் தாண்டிய பெட்டாவின் நிறம் மங்கும், முதுகு சற்றே கூனும், கண்ணில் வெண்படலம் தோன்றும், உறக்கம் கூடும். பெல்லட் கண்ணெதிரே விழுந்தாலும் குறி தவறும். இவற்றுக்கு மருந்து தேடுவதைவிடத் தொட்டியை அதன் வயதுக்கேற்ப மாற்றித் தருவதே அன்பு. நீர்மட்டத்தை 15 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையுங்கள். ஃபில்டரின் குமிழியோட்டத்தைத் தணியுங்கள். மேற்பரப்பை ஒட்டி அகன்ற இலைகளைக் கூடுதலாக வையுங்கள். ஊறவைத்த மென்மையான உணவை நாள்தோறும் அதே இடத்தில், அதே நேரத்தில் கொடுங்கள். பார்வை குறைந்த மீனும் அந்த இடத்தைப் பழகிக்கொண்டு அங்கே வந்து காத்திருக்கும். நீர் மாற்றத்தை வாரம் ஒரு முறை 30 விழுக்காடு என்பதிலிருந்து, வாரம் இரு முறை 15 விழுக்காடு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மூச்சுக்காக மேலே வரவே இயலாமல், பல நாள் உண்ணாமல், அடியில் சாய்ந்து கிடக்கும் நிலை வந்தால், மீன்களுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவரை அணுகி, மயக்கமருந்தின் மூலம் வலியின்றி விடைகொடுப்பதைப் பற்றிக் கேளுங்கள். உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும் கழிவறையில் விடுவதும் கொடுமை. மீன் முதுமையால் இறந்திருந்தால் ஃபில்டரை நிறுத்திவிடாதீர்கள். தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டுவந்தால் தொட்டியின் பாக்டீரியா உயிரோடு இருக்கும், அடுத்த மீன் மீண்டும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிராது. தொற்றுநோயால் இறந்திருந்தால் ஸ்பாஞ்சை எறிந்துவிட்டு, தொட்டியையும் வலையையும் சைஃபன் குழாயையும் கிருமிநீக்கம் செய்து நன்கு உலர்த்திய பின், இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.